தாள் போய்த் திரை வந்தது, சுரம் எங்கே?

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு (நோணாங்குப்பம்)

மேடையில் நின்று கைபேசியைப் பார்த்துப் பாடுகிறவனைக் கண்டால் நம் பெரியோர்களுக்குப் பொறுப்பதில்லை. "பாட்டு நெஞ்சில் இருக்க வேண்டாமா? கையிலா இருக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கேள்வி என்னவோ நியாயமானதுதான். சென்ற பொங்கல் விழாவில் நம் கல்லூரி மேடையில் பாடிய ஏழு பேரில் ஆறு பேர் கைபேசியும் கையுமாகத்தான் ஏறினார்கள். ஏழாமவர் வெறுங்கையோடு நின்று பாடி மிகுந்த கைதட்டல் வாங்கினார். முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவே அவருடைய நண்பர் ஒருவர் தரையில் குந்தியபடி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்ததைப் பேராசிரியப் பெருமக்கள் கவனிக்கவில்லை போலும்!

நம் கல்லூரியில் மட்டுமா இப்படி? சென்னையின் மார்கழிக் கச்சேரிகளிலும் இதே வழக்குத்தான். முன்பெல்லாம் வித்துவானின் மடியருகே சின்ன நோட்டு ஒன்று இருக்கும். இப்போது அந்த இடத்தில் ஐபேட் வந்து உட்கார்ந்துகொண்டது. ரசிகர்கள் முணுமுணுக்கிறார்கள். மனோதர்மத்திற்குப் பேர்போன இசையில் எழுத்தைப் பார்த்துப் பாடுவதா என்பது அவர்களுடைய ஆதங்கம். ஆலாபனையையும் நிரவலையும் எந்தத் திரையும் சொல்லித் தந்துவிட முடியாது. அடிக்கடி பாடாத கீர்த்தனையின் மூன்றாம் சரணத்திற்கு ஒரு துணை வேண்டியிருக்கிறது, அவ்வளவே. இதில் மானம் போக என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

நான் இதைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஆடி மாதக் கூழ் வார்த்தலும், மாசி மகமும், மாதா கோயில் திருவிழாவும் எங்களுக்கு அறுவடைக் காலம். செமஸ்டர் கட்டணத்தில் ஒரு பகுதி அங்கிருந்துதான் வருகிறது. என் தந்தையார் பேண்டு வாத்தியத்தில் கிளாரினெட் வாசிப்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். இசைக் குறிப்பைக் கண்ணால் படிக்கக் கற்றுக்கொண்ட முதல் ஆளும் நான்தான். இந்த இரண்டாவது பெருமையை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்பாவுக்கு நானூறு பாட்டுகளுக்குக் குறையாமல் தெரியும். கலியாண ஊர்வலத்திற்கு ஒரு வரிசை, சாவு ஊர்வலத்திற்கு ஒரு வரிசை, சாமி புறப்பாட்டிற்கு ஒரு வரிசை. எதற்கும் தாள் கிடையாது. நடந்துகொண்டே வாசிப்பவருக்கு ஸ்டாண்டு ஏது? "இத்தனையும் எப்படிப்பா நினைவு வச்சிருக்கீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு எங்கேடா தெரியும், விரலுக்குத் தெரியும்" என்றார். மனப்பாடமே மேல் என்று சொல்லும் பெரியோர்கள் என் தந்தையாரைக் கண்டால் மகிழ்ந்து போவார்கள். ஆனால் கிளாரினெட்டின் வாய்ப்பகுதியை மேல் முன்பற்கள் தாங்க வேண்டும். அப்பாவின் முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கிவிட்டன. அவை விழுந்தால் அந்த நானூறு பாட்டுகளுக்கும் அவர் வைத்திருக்கும் வளைவுகளும், நடுவில் தாமாகச் சேர்த்த சங்கதிகளும் எங்கே போகும்? விரலுக்குத் தெரிந்ததை விரலோடு விட்டுவிடலாமா?

ஆகவே பார்த்து வாசிப்பதை நான் இழுக்காக எண்ணவில்லை. மேலைநாட்டுச் சிம்பொனிக் குழுவில் எண்பது பேர் உட்கார்ந்தால் அந்த எண்பது பேரும் தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். 2005-ல் இளையராஜா திருவாசகத்தைச் சிம்பொனி வடிவில் தந்தபோது புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழு வாசித்தது. மாணிக்கவாசகர் யாரென்றே கேள்விப்பட்டிராத அங்கேரி நாட்டவர்களுக்கு நடுவே நின்றது ஒரு தாள்தான். அந்தத் தாள் இல்லையேல் அந்த வாத்தியங்கள் திருவாசகம் பேசியிரா. இன்னும் பின்னால் போனால், புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டிலேயே சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்தார்கள். பாறையைப் பார்த்துப் பாடிய மாணாக்கனை யாரும் பரிகசித்ததாகக் கேள்வியில்லை.

சரி, பார்த்து வாசிக்கலாம். தாளைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா?

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த வினாவின் அருமை புரியும். நோணாங்குப்பத்தில் ஒரு பக்கம் சுண்ணாம்பாறு. ஆற்று முகத்தைத் தாண்டினால் கடல். மாலை ஆறு மணிக்கு மேல் மேடையில் தாள் நிற்காது. நாங்கள் ஸ்டாண்டின் நான்கு மூலைகளிலும் துணிக் கிளிப் போட்டு வைப்போம். பக்கம் புரட்டும்போது கிளிப்பை எடுக்க வேண்டும், புரட்ட வேண்டும், மீண்டும் மாட்ட வேண்டும். இரண்டு கைகளும் கீபோர்டில் இருக்கும்போது இதை எந்தக் கையால் செய்வது? ஒருமுறை ஒரு திருவிழாவில் இடையிசை தொடங்கும் நேரத்தில் வயலின்காரரின் தாள்கள் மூன்றும் பறந்து கூட்டத்தின் தலைக்கு மேலே போயின. சிறுவர்கள் ஓடிப் பிடித்துக் கொண்டுவந்து தந்தார்கள். பாட்டு முடிந்த பிறகு.

பக்கம் புரட்டுவது எங்களுக்கு மட்டும் உள்ள தொல்லையன்று. மேலைநாட்டு இசைக்குழுவில் இரண்டு வயலின்காரர்களுக்கு ஒரு ஸ்டாண்டு. உள்பக்கம் உட்கார்ந்தவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாளைப் புரட்டுவார். அந்தக் கணத்தில் வயலின் பகுதியின் ஒலி பாதியாகக் குறையும். திரையில் இந்தச் சங்கடம் இல்லை. காலடியில் புளூடூத் மிதிகட்டை ஒன்றை வைத்துக்கொண்டு மிதித்தால் பக்கம் மாறும். 2010-ல் ஐபேட் வந்ததும் தனிக் கலைஞர்கள் இதற்கு மாறத் தொடங்கினார்கள். 2012-ல் பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் பில்ஹார்மோனிக் குழு, சாம்சங் பலகைக் கணினிகளை ஸ்டாண்டில் வைத்து மேடையேறியது. இப்போது முக அசைவுக்குப் பக்கம் புரட்டும் மென்பொருளும் வந்துவிட்டது. கண்ணடித்தால் அடுத்த பக்கம்! கலியாண வீட்டு மேடையில் இதைப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இயற்பியல் மாணவன் என்பதால் ஒளியைப் பற்றி ஒரு சிறு கணக்கைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தாள் தானாக ஒளிர்வதில்லை. மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நேர் வெயிலின் ஒளிச்செறிவு சுமார் 1,00,000 லக்ஸ். வெள்ளைத் தாள் அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சிதறடிக்கிறது என்று கொண்டால், அதன் ஒளிர்வு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25,000 கேண்டலா. சாதாரணக் கைபேசித் திரை முழு வெளிச்சத்தில் தருவது 500 கேண்டலா அளவுதான். ஆகவே பட்டப்பகல் ஊர்வலத்தில் திரை தாளிடம் தோற்றுப்போகும். அதில் நம் முகம்தான் தெரியும். இரவு மேடையிலோ கதை தலைகீழ். விளக்கு 200 லக்ஸ் தந்தால் தாளின் ஒளிர்வு 50 கேண்டலா. திரை பத்து மடங்கு பளிச்சென்று நிற்கும். பாடகியின் மீது மட்டும் வெளிச்சம் விழ, எங்களை இருட்டில் உட்கார வைக்கும் மேடைகளில் தாளை மின்விளக்கு இல்லாமல் படிக்கவே முடியாது. மின்மை என்னும் வகைத் திரையும் உண்டு. நுண்ணிய குமிழிகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள். மின்புலம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தும். தாளைப் போலவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெயிலிலும் படிக்கலாம். ஜப்பானில் 2017-ல் இசைக்கென்றே இரண்டு பக்கமாக விரியும் மின்மை ஏடு ஒன்று விற்பனைக்கு வந்தது. விலை ஒன்றரை ஆயிரம் டாலருக்கு மேல். எங்கள் குழுவின் கீபோர்டு, பேட், மிக்சர் எல்லாவற்றையும் விற்றாலும் ஒருவேளை ஒன்று வாங்கலாம்.

இவ்வளவும் கருவியைப் பற்றிய பேச்சு. காற்றுக்குத் திரை நல்லது, வெயிலுக்குத் தாள் நல்லது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று.

பொங்கல் விழாவில் ஆறு பேரும் கைபேசியில் எதைப் பார்த்தார்கள்? பாட்டின் சொற்களை. சபா மேடையில் ஐபேடில் விரிவதும் பெரும்பாலும் சாகித்தியமே. மாதா கோயில் பாடற்குழுவினர் பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்கள், அதிலும் சொற்கள்தாம். தாளிலிருந்து திரைக்கு மாறிவிட்டோம் என்று மார்தட்டுகிறோமே, மாறியது சொல் மட்டும்தான் நண்பர்களே! சுரம் மாறவில்லை. இடையிசையில் வயலின் எங்கே எழ வேண்டும், புல்லாங்குழல் எங்கே நிற்க வேண்டும், பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் இன்னும் பழைய நோட்டுகளிலேயே கிடக்கின்றன. அந்த நோட்டுகள் வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன.

சொல் தப்பிப் பிழைத்து இசை மாண்டுபோவது நம் நாட்டிற்குப் புதிதன்று. திருமுறை கண்ட புராணம் சொல்லும் வரலாற்றைத் தமிழ்த் துறையினருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். சொற்கள் கிடைத்துவிட்டன; எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. விருத்தாசலத்தை அடுத்த திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடித்து, அவள் வாயிலாகப் பண்களை அடைவு செய்தார்கள் என்கிறது அந்நூல். ஏட்டில் இருந்த சொல்லுக்கு உயிர் கொடுக்க ஒரே ஒரு பெண்ணின் நினைவை நம்ப வேண்டியிருந்தது. அவளும் இல்லாதிருந்தால்?

நம் புதுச்சேரியையே எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதியார் தம் பாடல்கள் பலவற்றின் தலையில் இராகத்தையும் தாளத்தையும் குறித்து வைத்தார். பாட்டு என்பது சொல் மட்டுமன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று நாம் அந்தப் பாடல்களைக் கைபேசியில் தேடினால் ஒரு நொடியில் சொற்கள் வந்து குதிக்கின்றன. தலைப்பில் இருந்த இராகக் குறிப்பைப் பல இடங்களில் காணோம். ஒட்டியவர் அது தேவையில்லை என்று வெட்டிவிட்டார்.

எனக்குக் குறிப்பு படிக்கச் சொல்லித் தந்தவர் ஒரு பெரியவர். எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்தவர். நாங்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் அழைப்போம். அந்தக் காலத்தில் திரைப்பாட்டின் குறிப்பு வெளியே கிடைக்காது. ஒலிநாடாவை வாங்கி வந்து, டேப்ரிக்கார்டரில் ஓட்டி, நிறுத்தி, பின்னால் சுற்றி, மீண்டும் ஓட்டி, காதால் கேட்டுக் கேட்டு எழுதுவார்கள். ஒரு பாட்டின் இடையிசையை எழுத ஓர் இரவு ஆகுமாம். கரண்டு போனால் இரண்டு இரவு. பிறகு அதைப் பார்த்து ஆளுக்கொரு படி கையால் எழுதிக்கொள்வார்கள். அடுத்த குழுவினர் வந்து கேட்டால் அவர்களுக்கும் கொடுப்பார்கள். காலையில் வாங்கிப் போனவர் மறுநாள் திருப்பித் தந்துவிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

மாஸ்டரிடம் பதினான்கு நீள நோட்டுகள் இருக்கின்றன. தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறார். கடற்கரை ஈரம் வேப்பிலைக்கு அஞ்சுமா? தாள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிர்கிறது. நடுவில் இராமபாணப் பூச்சி நேர்க்கோட்டில் துளை போட்டிருக்கிறது. சில இடங்களில் அந்தத் துளை எது, நோட்டின் புள்ளி எது என்று தெரியவில்லை. ஒரு நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தவை சுரங்களல்ல, ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருப்பவை. "இங்கே பாடகர் மூச்சு வாங்குவார், காத்திரு." "தபேலா அவசரப்படும், பின்னால் போகாதே." "மழை வந்தால் இதோடு நிறுத்து." அச்சடித்த எந்தப் புத்தகத்தில் இவை கிடைக்கும்? குடுமியான்மலைப் பாறையில் சுரங்கள் தெளிவாகவே இருக்கின்றன. ஆனாலும் அவற்றை எப்படிப் பாடுவது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுத யாருமில்லாமல் போனார்கள்.

"அப்படியானால் கணிப்பொறியில் தட்டிவிட வேண்டியதுதானே?" என்று கணிப்பொறியியல் துறை நண்பர் ஒருவர் எளிதாகக் கேட்டார். ஸ்டாஃப் நொட்டேஷன் எனப்படும் ஐந்து கோட்டு எழுத்து என்றால் எளிதுதான். மியூஸ்கோர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. எழுதலாம், ஒலிக்கச் செய்து கேட்கலாம், பாடகர் "அரைக் கட்டை ஏற்றுங்க" என்றால் ஒரு விசையில் முழுத் தாளையும் ஏற்றலாம். நம் ஸரிகமவுக்கு அந்த ஏற்றும் வேலையே வேண்டாம். எந்தக் கட்டையில் பாடினாலும் ஸ என்பது ஸதான். ஐந்து கோட்டுக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வசதி இது. ஆனால் அதைத் தமிழில் தட்டச்சு செய்து பாருங்கள்! தார ஸ்தாயிக்கு எழுத்தின் மேல் புள்ளி வைக்க வேண்டும். தமிழிலோ மேற்புள்ளி மெய்யெழுத்தின் அடையாளம். ப மேல் புள்ளி வைத்தால் கணிப்பொறி அதை ப் என்று எடுத்துக்கொள்கிறது. மந்தர ஸ்தாயிக்குக் கீழே புள்ளி வேண்டும். தமிழ் விசைப்பலகையில் அதற்கு விசை இல்லை. வேறு வழியில் கொண்டுவந்தாலும் பல எழுத்துருக்களில் அது எழுத்தின் அடியில் நில்லாமல் பக்கத்தில் போய் நிற்கிறது. துரித காலத்திற்கு எழுத்துகளின் தலைமேல் கோடு இழுக்க வேண்டும்; அதற்கும் வழி கேட்டு அலைய வேண்டும்.

இது புதிய சிக்கலா? இல்லவே இல்லை. சென்னையைச் சேர்ந்த ஏ.எம். சின்னசாமி முதலியார் 1893-ல் தியாகராசர் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு எழுத்தில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். பொருளையும் கண்பார்வையையும் அதில் இழந்தார். அவர் தூண்டுதலால், எட்டயபுரம் சமஸ்தானத்தின் பொருளுதவியோடு, சுப்பராம தீட்சிதர் 1904-ல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை வெளியிட்டார். கமகங்களைக் காட்ட அந்நூலுக்கென்று தனி அடையாளங்கள் வகுக்கப்பட்டு, அவற்றிற்கு அச்செழுத்துகள் உண்டாயின. எட்டயபுரம் போன்ற சிற்றூரில் 1904-ல் ஈயத்தால் செய்ய முடிந்ததை இன்று நம்மால் ஓர் எழுத்துருவில் செய்ய முடியவில்லையா? நம் கணிப்பொறியியல் துறையில் ஆண்டுதோறும் செய்முறைத் திட்டத்திற்குத் தலைப்புத் தேடி மாணவர்கள் அலைகிறார்கள். நூலக மேலாண்மை என்றும் வருகைப் பதிவேடு என்றும் அதே தலைப்புகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் தலைக்கோடும் உள்ள ஒரு தமிழ்ச் சுர எழுத்துரு செய்துபார்க்க ஒருவருக்காவது மனம் வரக்கூடாதா?

இதற்குள் இன்னொன்று வந்துவிட்டது. அதற்குப் பெயர் ட்ராக். ஒரு மடிக்கணினி, இரண்டு ஒலிபெருக்கி, ஒரு பாடகர் போதும். வயலினும் குழலும் தபேலாவும் பெட்டிக்குள்ளிருந்து வரும். விழாக் குழுவினருக்குச் செலவு குறைவு. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கோயிலுக்கு வசூலிக்கும் காசு எவ்வளவு கடினமானது என்று எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் முன்பு பதினொருவர் இருந்தார்கள், இன்று ஐவர். தாளின் இடத்தில் திரை வந்தது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது ஆளின் இடத்திலும் திரை வந்து நின்றுவிட்டது. ட்ராக் இருக்கும்போது நொட்டேஷன் எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனால் நோட்டு இருந்தும் என்ன பயன்? மாஸ்டரிடம் கடைசியாகக் கற்றுக்கொண்டவன் நான். எனக்குப் பின் யாரும் வரவில்லை.

விலைக்குக் குறிப்பு விற்கும் செயலிகளும் உள்ளன. மாதச் சந்தா கட்டினால் திறக்கும், நிறுத்தினால் மூடிக்கொள்ளும். வாங்கிய குறிப்பை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. மாஸ்டரின் காலத்தில் காசில்லாதவனுக்கு ஒரு வழி இருந்தது: பேனாவும் ஓர் இரவும். இசையமைத்தவரின் உரிமையை நான் மறுக்கவில்லை. நம் நாட்டுச் சட்டப்படி அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அது உண்டு. உண்டாக்கியவன் உண்ணத்தானே வேண்டும்! ஆனால் தியாகராசர் மறைந்தது 1847-ல். பாரதியின் பாடல்களின் உரிமையை 1949-ல் அரசே பெற்று, பின்னர் நாட்டுக்கே பொதுவாக்கிவிட்டது. இவற்றின் சுரக் குறிப்புக்கும் நாம் சந்தா கட்ட வேண்டுமா? 2006-ல் எட்வர்டு குவோ என்னும் இசைக் கல்லூரி மாணவர், உரிமைக் காலம் முடிந்த மேலை இசைக் குறிப்புகளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் திரட்டத் தொடங்கினார். 2007-ல் ஆஸ்திரியப் பதிப்பகம் ஒன்று வழக்குத் தொடுப்பதாக அச்சுறுத்தவே மூடினார். 2008-ல் மறுபடி திறந்தார். இன்று பாக், பீத்தோவன் படைப்புகளை அங்கிருந்து இறக்கித் திரையில் வைத்து வாசிக்காத மாணவன் மேலைநாட்டில் அரிது. தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ நம் வயதுதான்.

எனவே நம் மேடைகள் திரைக்கு மாறட்டும் என்றே சொல்வேன். மாறுவது முழுதாக மாறட்டும். சொல்லோடு சுரமும் வரட்டும். நம்மால் முடிந்ததிலிருந்து தொடங்கலாம். எழுத்துரு வரும்வரை காத்திருக்காமல் பழைய நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கலாம். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இசை பயிலும் மாணவர்கள் அங்கே உள்ளனர். நம் கல்லூரியில் கணிப்பொறி இருக்கிறது. இரண்டிற்கும் நடுவே ஒரு பேருந்துப் பயணம்தான். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களிலும் பேண்டு செட்டுகளிலும் மாஸ்டரைப் போன்றவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். எழுதி வைத்தவர்களிடம் நோட்டைக் கேட்கலாம். எழுதாதவர்களை வாசிக்கச் சொல்லி நாம் எழுதலாம். அப்பாவிடம் நான் அதைத் தொடங்கிவிட்டேன். ஞாயிறு காலையில் ஒரு பாட்டு. அவர் நாலு தரம் வாசிப்பார், நாலு தரமும் நாலு விதமாக இருக்கும். எதை எழுதுவது என்று கேட்டால், "எல்லாத்தையும் எழுது" என்கிறார். இதுவரை முப்பத்திரண்டு பாட்டுகள் ஆகியிருக்கின்றன.

மாஸ்டரிடம் நோட்டுகளைப் படம் எடுக்க அனுமதி கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "தம்பி, நோட்ஸை மட்டும் வெட்டி எடுத்துராதே. ஓரத்துல சிவப்புல எழுதினதும் சேர்ந்து வரணும்." அப்படியே செய்கிறோம். ஜன்னலோரம் நிழல் விழாத இடத்தில் நோட்டை விரித்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் பழுப்புத் தாள் வெளுத்துப்போய்ச் சிவப்புப் பென்சில் மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு இடங்களில் சேமிக்கிறோம். கைபேசி ஆற்றில் விழுந்தால் மற்றொன்று இருக்கும். பதினான்கு நோட்டுகளில் மூன்று முடிந்திருக்கின்றன. நான்காவதில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் பிரிக்க ஆள் வேண்டும். வேதியியல் துறையில் இதற்கு வழி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்ல வேண்டுகிறேன். மற்ற நண்பர்கள் சனிக்கிழமை பிற்பகல் எங்களோடு வரலாம். இயற்பியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் என்னைக் காணலாம். கேமரா நன்றாக உள்ள கைபேசி வைத்திருப்பவர்கள் மறவாமல் அதைக் கொண்டுவரவும். என்னுடையதில் கண்ணாடி கீறியிருக்கிறது.